புகைக்குழாய்க்குப் பட்டை சுற்றுவதும் குரோம் பாகங்களைக் கறுப்பாக்குவதும்

மோட்டார் சைக்கிளைக் கறுப்பாக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்தப் பெயிண்ட் நல்லது என்பதைத்தான். அதற்கு முன் கேட்க வேண்டியது, அந்தப் பாகம் எவ்வளவு சூடாகும் என்பது. ஹேண்டில்பாரில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் பூச்சு, எஞ்சின் ஹெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கும் குழாயில் ஒரே மாலையில் கொப்புளித்து உரிந்துவிடும். குழாய்க்கென்று விற்கப்படும் வெப்பம் தாங்கும் பெயிண்டோ, சூடே ஏறாத பக்கக் கண்ணாடியின் தண்டில் அடித்தால் கடைசிவரை இறுகாமல் மென்மையாகவே இருந்து, பெட்ரோல் ஒரு துளி பட்டாலே கையோடு வந்துவிடும். ஆகவே கருவிகளைக் கையில் எடுப்பதற்கு முன் வண்டியை ஒரு முறை சுற்றி வந்து, ஒவ்வொரு பாகத்தையும் அதன் சூட்டை வைத்துத் தரம் பிரித்துவிடுவது நல்லது.

எஞ்சினிலிருந்து வெளிவரும் முதல் குழாயும் சைலன்சரும் கடும் சூட்டுப் பாகங்கள். பெட்ரோல் எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது, வால்வைத் தாண்டி வரும் புகை 600 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை, சில எஞ்சின்களில் அதற்கு மேலும் இருக்கும். காற்று பட்டு ஆறுவதால் குழாயின் வெளிச்சுவர் அதைவிடக் குறைவான சூட்டில் இருக்கிறது. கிளட்ச் மூடி, டைமிங் மூடி போன்றவை மிதமான சூட்டுப் பாகங்கள். உள்ளே ஓடும் ஆயில் 100 டிகிரியை ஒட்டி இருப்பதால் அவையும் ஏறத்தாழ அதே சூட்டுக்கு வரும். ஹேண்டில்பார், கண்ணாடித் தண்டு, ஹெட்லைட் வளையம், பின்புறக் கைப்பிடி, மட்கார்டு ஆகியவை வெயிலில் ஏறும் சூட்டைத் தவிர வேறு சூடு காணாதவை. தொடவே கூடாத பாகங்களும் உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

பட்டை சுற்றுவதற்கு முன் யோசிக்க வேண்டியவை

குழாய்க்குச் சுற்றும் வெப்பப் பட்டை, சூட்டைக் குழாய்க்குள்ளேயே நிறுத்தி வைக்கிறது. புகை சூடாக இருக்கும்வரை அடர்த்தி குறைந்து வேகமாக ஓடும் என்பதும், அதனால் எரிந்த வாயு சிலிண்டரிலிருந்து எளிதாக வெளியேறும் என்பதும் உண்மைதான். பந்தய எஞ்சின்களில் இதற்குப் பயன் உண்டு. சாலையில் ஓடும் வண்டியில் இதனால் கூடும் திறன், ஓட்டுபவரின் கைக்குத் தெரியும் அளவுக்கு இருக்காது என்பதே என் கருத்து. கால் பக்கம் வீசும் அனல் குறைவதும், அருகில் செல்லும் ஒயர்களும் ரப்பர் குழாய்களும் சூட்டிலிருந்து காக்கப்படுவதும், பிறகு தோற்றமும்தான் இதன் மெய்யான பயன்கள். தோற்றத்துக்காகச் செய்கிறேன் என்று ஒப்புக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையையும் தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

காற்றில் ஆறிக்கொண்டிருந்த குழாய் போர்வைக்குள் போவதால் அதன் உலோகம் முன்பைவிடச் சூடாக இருக்கும். சுவர் மெல்லிய குழாய்களில் இந்தக் கூடுதல் சூடு, நாளடைவில் பற்றவைப்பு ஓரங்களில் விரிசலை உண்டாக்கக்கூடும். மழையிலும் கழுவும்போதும் பட்டை நீரை உறிஞ்சிக்கொள்கிறது. வண்டியை அடிக்கடி நன்றாகச் சூடேற ஓட்டாதவர்களுக்கு அந்த ஈரம் குழாயோடு ஒட்டியே கிடந்து, சாதாரண எஃகைத் துருவால் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்கு இந்த அச்சம் குறைவு. குரோம் குழாய்க்கோ இது திரும்ப முடியாத வழி: சில நாள் பட்டைக்குள் இருந்த குரோம், நிறம் மாறி மங்கி, பட்டையைக் கழற்றினாலும் பழைய பளபளப்புக்கு வராது. பளபளவென்றிருக்கும் நல்ல குழாய்க்கு நான் பட்டை சுற்றமாட்டேன். ஏற்கெனவே கீறலும் மங்கலுமாக இருக்கும் பழைய குழாய்தான் இந்த வேலைக்கு உகந்தது.

சில வண்டிகளில் முதல் குழாய் இரட்டைச் சுவர் கொண்டது. உள்குழாயில் புகை ஓட, வெளிக்குழாய் பார்வைக்காக மட்டும் இருக்கும். இடையில் காற்றே வெப்பத்தைத் தடுத்துவிடுவதால் இவற்றில் பட்டைக்கு வேலை அதிகம் இல்லை. குழாய்க்குள் புகையின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி இருந்தால் அந்தப் பகுதியைச் சுற்றாமல் விட வேண்டும், ஏனெனில் அது தன் வேலையால் தானே சூட்டை உண்டாக்குவது. மூடிவைத்தால் உள்ளிருக்கும் தேன்கூட்டு அமைப்பு அளவுக்கு மீறிச் சூடேறும். சைலன்சர் பகுதியும் சுற்றத் தக்கதன்று. ஒலியை அடக்கும் பஞ்சு அடைத்த சைலன்சர்களில், சூடு தேங்கினால் அந்தப் பஞ்சு விரைவில் கருகிப் போகும்.

குழாய் நீலம் பாய்ந்திருப்பதை மறைப்பதற்காகப் பட்டை வாங்குகிறவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். குரோம் சூடேறும்போது முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு ஊதா கலந்த பழுப்பு, பிறகு நீலம் என்று நிறம் மாறும். முதல் வளைவில் சிறிது நீலம் வருவது இயல்பு. குழாய் நெடுக நீலம் படர்ந்தால் அது நோயின் அறிகுறி. எரிபொருள் குறைந்து காற்று கூடிய கலவையோ, பின்தங்கிய இக்னிஷன் டைமிங்கோ, குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் காற்றுக் கசிவோ காரணமாக இருக்கலாம். அந்தக் காரணத்தைக் கண்டு சரிசெய்து, எஞ்சின் சீராக ஓடுகிறதென்று உறுதி செய்த பிறகே பட்டையைப் பற்றி யோசிக்க வேண்டும். சுற்றிய பின் அந்த நிறம் உங்களோடு பேசாது.

பட்டையின் வகையும் அளவும்

கடைகளில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று கண்ணாடி இழைப் பட்டை; இது வெள்ளை, பழுப்பு, கறுப்பு நிறங்களில் வரும். மற்றொன்று டைட்டானியம் என்ற பெயரில் விற்கப்படும் செம்புநிறப் பட்டை. பெயரில் டைட்டானியம் இருந்தாலும் இது பெரும்பாலும் எரிமலைப் பாறையான பசால்ட்டை உருக்கி இழுத்த இழையால் நெய்தது. இது வளைந்து கொடுக்கும், இழை உதிர்வது குறைவு, அதிகச் சூட்டையும் தாங்கும். விலை கூடுதலென்றாலும் முதன்முறை சுற்றுபவருக்கு இதையே சொல்வேன், ஏனெனில் வளைவுகளில் கைக்கு அடங்கிப் போகிறது. கறுப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடி இழைப் பட்டை, குழாயின் சூடான முதற்பகுதியில் விரைவில் சாம்பல் நிறமாக வெளுக்கும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

அகலத்தில் 25 மில்லிமீட்டரும் 50 மில்லிமீட்டரும் வழக்கமாகக் கிடைக்கும். நேராக நீண்ட குழாய்க்கு 50 போதும். எஞ்சினை விட்டு வெளிவந்ததும் சட்டென்று வளையும் மெல்லிய குழாய்க்கு 25தான் சுருக்கமில்லாமல் படியும். எவ்வளவு நீளம் வேண்டும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். வெளிவிட்டம் 38 மில்லிமீட்டர், நீளம் 1 மீட்டர் உள்ள குழாய் என்று கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 119 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் பட்டையை 12 மில்லிமீட்டர் மேலடுக்காகச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றும் 38 மில்லிமீட்டர் முன்னேறும். ஆக 26 அல்லது 27 சுற்றுகள். சாய்வாகப் போவதால் ஒரு சுற்றுக்கு 125 மில்லிமீட்டர் பட்டை செலவாகும். மொத்தம் சுமார் 3.3 மீட்டர். அதே குழாய்க்கு 25 மில்லிமீட்டர் பட்டையை 6 மில்லிமீட்டர் மேலடுக்கில் சுற்றினால் 6.3 மீட்டருக்கு மேல் போகும். வளைவுகளில் உள்பக்கம் அதிகம் நெருங்குவதாலும், தொடக்கத்திலும் முடிவிலும் இரட்டைச் சுற்று வருவதாலும், கணக்கில் வருவதைவிடக் கால் பங்கு கூடுதலாக வாங்குவதே நல்லது. நடுக் குழாயில் பட்டை தீர்ந்துபோய் ஒட்டுப்போட்டால், அந்த ஒட்டு எப்போதும் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கும்.

கட்டுவதற்குத் துருப்பிடிக்காத எஃகு டை மட்டுமே உதவும். பிளாஸ்டிக் டை உருகிவிடும். சாதாரணக் கட்டுக்கம்பி துருவேறி அறுந்துபோகும்.

குழாயைத் தயார் செய்தல்

வண்டியில் இருக்கும்போதே குழாயைச் சுற்றிவிடலாம் என்று தோன்றும். எஞ்சினுக்குப் பின்பக்கமாகக் கையை நுழைத்துப் பட்டையை இழுக்க முடியாது என்பதால் தளர்ச்சிதான் மிஞ்சும். குழாயைக் கழற்றியே செய்ய வேண்டும். எஞ்சின் ஹெட்டில் திருகியிருக்கும் தலையில்லாத போல்ட்களான ஸ்டட்களின் நட்டுகள் பல ஆண்டுச் சூட்டில் இறுகிப்போயிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து வைத்து, மறுநாள் சிறிது இளக்கி, சிறிது இறுக்கி, மீண்டும் இளக்கி என்று பொறுமையாகக் கழற்ற வேண்டும். ஒரே மூச்சில் பலம் கொடுத்தால் ஸ்டட் ஒடிந்து ஹெட்டுக்குள் நின்றுவிடும். அதை வெளியே எடுக்கிற வேலைக்கு முன் பட்டை சுற்றுவதெல்லாம் விளையாட்டு. ஆக்சிஜன் சென்சார் இருந்தால் ஒயரை முறுக்காமல் முதலில் அதைக் கழற்றி வைக்கவும்.

பழைய வண்டி ஒன்றை வாங்கி, அதன் குழாயில் எப்போது சுற்றியதென்று தெரியாத வெளுத்த நாடா இருந்தால் அதைக் காய்ந்த நிலையில் பிய்க்கக் கூடாது. ஒரு காலத்தில் இந்த வேலைக்கு ஆஸ்பெஸ்டாஸ் நாடாவும் பயன்பட்டது; அதன் தூள் நுரையீரலுக்குக் கேடு. ஐயமிருந்தால் தொடாமல், அந்தப் பொருளைக் கையாளத் தெரிந்தவரிடம் விடுவதே சரி.

கழற்றிய குழாயில் தளர்ந்த துருவைக் கம்பித் தூரிகையால் நீக்கி, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, வெப்பம் தாங்கும் பெயிண்டை இரண்டு மெல்லிய பூச்சாக அடித்துவிட்டால், பட்டைக்கு அடியில் துரு ஏறுவது தள்ளிப்போகும். துத்தநாகம் கலந்த துருத்தடுப்புப் பூச்சை இங்கே பயன்படுத்தக் கூடாது. குழாயின் சூட்டில் அது புகைந்து கெடும்.

சுற்றும் முறை

இழைகள் தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிப்பு விடாது. முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி, முகக்கவசம் நான்கும் வேண்டும். சில தயாரிப்பாளர்கள் நனைக்கச் சொல்வார்கள், சிலர் உலர்வாகவே சுற்றச் சொல்வார்கள்; உறையில் எழுதியிருப்பதைப் பின்பற்றவும். நனைக்கலாம் என்றிருந்தால் பதினைந்து நிமிடம் நீரில் ஊறவைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து சுற்றுவது இரண்டு வகையில் நன்மை: இழை பறக்காது, பட்டையும் குழாயின் வடிவத்துக்குப் பணிந்து வரும்.

எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நானும் முதல் முறை எஞ்சின் பக்கத்திலிருந்து சைலன்சரை நோக்கிச் சுற்றினேன். அப்படிச் சுற்றும்போது ஒவ்வொரு அடுக்கின் திறந்த விளிம்பும் முன்பக்கம் பார்த்து நிற்கும். எதிர்க்காற்றும் மழைநீரும் முன்சக்கரம் வாரியடிக்கும் சேறும் நேராக அந்த விளிம்புக்குள் புகும். ஒரு மழைக்காலம் கழித்து அவிழ்த்தபோது உள்ளே மண் படிந்து, குழாயில் திருகாணிக் கோடு போலத் துரு ஏறியிருந்தது. சைலன்சர் பக்கத்துத் தாழ்ந்த முனையில் தொடங்கி எஞ்சினை நோக்கி ஏறினால், கூரையில் ஓடு வேய்வதைப் போல மேலடுக்கு கீழடுக்கை மூடி, விளிம்புகள் பின்னோக்கியும் கீழ்நோக்கியும் அமையும். நீர் வழுக்கிக்கொண்டு போய்விடும். எஞ்சின் பக்கத்திலிருந்தே தொடங்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு என்றாலும், திறந்தவெளியில் காற்றையும் மழையையும் எதிர்கொள்ளும் மோட்டார் சைக்கிளுக்கு இந்த வழியே பொருந்தும்.

தொடக்க முனையில் பட்டையைக் குழாய்க்கு நேர்குறுக்காக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அதன் மேலேயே இரண்டாம் சுற்றையும் இட்டு, டையால் இறுக்கவும். சைலன்சர் கிளாம்ப் உட்காரும் இடத்துக்கும் குழாயை எஞ்சினோடு இறுக்கும் தட்டான ஃபிளாஞ்சுக்கும் இரண்டு சென்டிமீட்டராவது வெற்றுக் குழாய் விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னாளில் நட்டை இறுக்கச் சாவி நுழையாது. பிறகு சாய்வாக ஏறத் தொடங்கவும். ஒருவர் பட்டைச் சுருளை இழுத்துப் பிடித்து நிற்க, மற்றவர் குழாயை உருட்டிக்கொண்டே வருவது தனியாகச் செய்வதைவிட எவ்வளவோ மேல். இழுவிசை ஒரு கணமும் தளரக் கூடாது. தளர்ந்த பட்டை முதலில் நன்றாகத்தான் தெரியும். சில நாள் அதிர்வுக்குப் பிறகு அது வழுகி இறங்கி இடையில் குழாய் எட்டிப் பார்க்கும்.

மேலடுக்கு பட்டை அகலத்தின் கால் பங்கு இருந்தால் போதும். வளைவில் உள்பக்கம் அடுக்குகள் நெருங்கிக் குவியும், வெளிப்பக்கம் விரியும். அங்கே அளவைப் பார்க்க வேண்டியது வெளிப்பக்கத்தில்தான். உள்பக்கம் எவ்வளவு தடித்தாலும் பாதகமில்லை, வெளிப்பக்கத்தில் ஆறு மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் சரி. திருப்தியில்லை என்றால் தயங்காமல் அவிழ்த்து மீண்டும் சுற்றவும். இரட்டை அடுக்கு இன்னும் நன்றாகக் காக்கும் என்று எண்ணி முழுக்குழாய்க்கும் இரண்டு முறை சுற்றுவது, உலோகத்தைத்தான் மேலும் வறுக்கும்.

மேல்முனையில் மீண்டும் நேர்குறுக்காக ஒரு சுற்று முடித்து, வெட்டிய நுனியை உள்ளே மடித்து, டையால் கட்டவும். இடையில் ஒவ்வொரு வளைவின் இருபுறமும் ஒரு டை, நேர்ப்பகுதியில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டருக்கு ஒன்று போதும். டையின் பூட்டு எஞ்சின் பக்கமோ கீழ்ப்பக்கமோ திரும்பியிருந்தால் வெளியே தெரியாது. பிளையரால் இறுக்கிய பின் மீந்த வாலை ஒட்ட வெட்டி, நுனியை மடக்கிவிட வேண்டும். வெட்டிய எஃகு நுனி கத்தியைப் போலக் காலைக் கிழிக்கும்.

குழாயைத் திரும்பப் பொருத்தும்போது பழைய கேஸ்கெட்டைப் போடாமல் புதியதைப் போடவும். ஒருமுறை நசுங்கியது மறுமுறை சரியாக அடைக்காது. நட்டுகளைக் கையால் ஓட்டிவிட்டு, சைலன்சர் தாங்கியையும் தளர்வாக மாட்டி, குழாய் எங்கும் இழுபடாமல் உட்கார்ந்த பிறகு, முதலில் ஹெட் பக்கமும் பின்னர் பின்பக்கமுமாக, கையேட்டில் சொன்ன முறுக்கு அளவுக்கு இறுக்க வேண்டும்.

முதல் சூடு

நனைத்துச் சுற்றியிருந்தால் அன்றே எஞ்சினை ஓட்டி உலர்த்திவிட வேண்டும். ஈரத்தோடு இரவைக் கழிக்கவிடக் கூடாது. திறந்த வெளியில் நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டால் நீராவி கிளம்பும், பிறகு இழைகளில் பூசியிருக்கும் பசையும் சாயமும் எரிந்து வெள்ளைப் புகை வரும். நாற்றம் பலமாக இருக்கும். இது கவலைப்பட வேண்டியதில்லை, ஆனால் சுவாசிக்க வேண்டியதும் இல்லை. சில சூடு, சில ஆறுதலுக்குப் பிறகு புகை அடங்கிவிடும். முழுதும் ஆறியபின் நட்டுகளையும் டைகளையும் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பார்க்கவும். பட்டை நன்கு உலர்ந்து பசை எரிந்து முடிந்த பிறகு, வெப்பம் தாங்கும் சிலிக்கோன் பூச்சை மேலே தெளித்தால் நீர் ஊறுவது குறையும், இழை பிசிறுவதும் குறையும்.

பட்டை சுற்றிய குழாய் தொடுவதற்குப் பாதுகாப்பானது என்று நினைத்துவிடக் கூடாது; அனல் குறைகிறதே தவிர மேற்பரப்பு சுடத்தான் செய்யும். எல்லாவற்றிலும் முக்கியமாக, பட்டையில் எஞ்சின் ஆயிலோ பெட்ரோலோ ஊறியிருந்தால் அதைத் துடைத்துவிட்டு ஓட்டக் கூடாது. திரி போல ஊறிக்கொண்ட எண்ணெய் சூட்டில் தீப்பிடிக்கும். கசிவை அடைத்து, அந்தப் பட்டையை எறிந்துவிட்டு, புதியது சுற்ற வேண்டும். ஆண்டுக்கொரு முறை ஏதாவது ஓர் இடத்தில் அவிழ்த்துத் துரு எப்படியிருக்கிறதென்று பார்ப்பதும் வழக்கமாகட்டும்.

குரோமைக் கறுப்பாக்குதல்

குரோம் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் நிக்கல்தான். அலங்காரக் குரோம் பூச்சு ஒரு மைக்ரானுக்கும் குறைவான மெல்லிய படலம். அதற்கடியில் அதைவிடப் பல மடங்கு தடித்த நிக்கல் அடுக்கும், சிலவற்றில் அதற்கும் அடியில் செம்பும் இருக்கும். மேலே உள்ள அந்த மெல்லிய படலம் மிகக் கடினமானது, வழவழப்பானது. பெயிண்ட் பற்றிக்கொள்ள அதில் பிடிமானமே இல்லை. குரோம் மீது நேராக அடித்த பெயிண்ட், நகத்தால் சுரண்டினால் தாளாக உரிந்து வருவதற்குக் காரணம் இதுவே. உப்புத்தாள் பிடித்துச் செலவிடும் நேரம்தான் இங்கே வேலை. பெயிண்ட் அடிப்பது கடைசி அரை மணி நேரம்.

முதலில் பாகம் உலோகமா என்று பாருங்கள். இப்போதைய வண்டிகளில் குரோம் போலத் தெரியும் பல வளையங்களும் மூடிகளும், ஏபிஎஸ் பிளாஸ்டிக் மீது பூச்சிட்டவை. காந்தம் ஒட்டாததை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, அலுமினியத்திலும் அது ஒட்டாது. விரலால் தட்டிப் பார்த்தால் ஓசையிலேயே தெரிந்துவிடும். தூளாகத் தெளித்துச் சூட்டில் உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங்குக்குக் கொடுக்கும் பாகங்கள் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் அடுப்புக்குள் போவதால், பிளாஸ்டிக்கைத் தவறிக் கொடுத்தால் திரும்பி வருவது உருகிய கட்டிதான்.

அமிலத்தில் ஊறவைத்துக் குரோமைக் கரைக்கும் வழியை வீட்டில் செய்ய வேண்டாம். அதன் ஆவி மூச்சுக்கு ஆகாது; கழிவுநீரில் குரோமிய உப்புகள் இருக்கும்; கடினப்படுத்திய போல்ட், ஸ்பிரிங் போன்றவற்றில் ஹைட்ரஜன் ஊடுருவி அவை திடீரென ஒடியும் தன்மை பெறும். காரக் கரைசலில் மின்சாரம் செலுத்திக் குரோமை நீக்கும் முறையில் புற்றுநோய் உண்டாக்கும் அறுவலுக் குரோமியமே உருவாகிறது. முழுதும் நீக்கியே ஆக வேண்டுமென்றால் பூச்சுத் தொழிற்கூடத்தில் கொடுப்பதுதான் முறை.

வீட்டில் செய்யத் தக்கது தேய்ப்புதான். ஆனால் தேய்ப்பதற்கு முன்பே கழுவ வேண்டும். பல குரோம் பாலிஷ்களில் சிலிக்கோனும் மெழுகும் உண்டு. அவை இருக்கும்போதே தேய்த்தால் கீறல்களுக்குள் அவற்றை அழுத்திவிடுவோம். பிறகு அடிக்கும் பெயிண்ட் ஆங்காங்கே விலகி மீன்கண் போன்ற பள்ளங்கள் விழும். பாத்திரச் சோப்பு நீரால் ஒரு முறையும், மெழுகு நீக்கும் கரைப்பானால் ஒரு முறையும் துடைத்துவிட்டுத் தொடங்கவும். குரோம் செதில் செதிலாக உரிந்த இடங்களில் 180 எண் உப்புத்தாளால் விளிம்பைத் தடவினால் தட்டுப்படாத அளவுக்குச் சரிவாக்கி, துருக்குழிகளை வெறும் உலோகம்வரை தேய்க்க வேண்டும். பிறகு முழுப் பாகத்தையும் 320 எண்ணாலும் 400 எண்ணாலும் நீர் தொட்டுத் தேய்க்கவும். நீர் இருந்தால் தூள் பறக்காது. பளபளப்பு ஒரு புள்ளிகூட மிஞ்சாமல், முழுவதும் மங்கிய சாம்பல் நிறமாக வரும்வரை விடக் கூடாது. வளையத்தின் உள்விளிம்பும் போல்ட் துளையின் ஓரமும்தான் வழக்கமாக விடுபடும் இடங்கள். பெயிண்ட் உரியத் தொடங்குவதும் அங்கிருந்துதான்.

தேய்த்து முடித்தபின் பாகத்தின் மேல் தூய நீரை ஊற்றிப் பாருங்கள். நீர் படலமாக உடையாமல் வழிந்தால் பரப்பு சுத்தம். துளித்துளியாகத் திரண்டு நின்றால் எங்கோ எண்ணெய் இருக்கிறது. மீண்டும் துடைக்க வேண்டும். இதற்குப் பின் வெறுங்கையால் தொடக் கூடாது.

பிரைமரில் எபாக்சி வகையைத்தான் நான் நம்புகிறேன். அமிலம் கலந்த ஒட்டுப் பிரைமர் எஃகையும் அலுமினியத்தையும் கடித்துப் பிடிக்கும். குரோமோ அந்த அமிலத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. இரண்டு மெல்லிய பூச்சுப் பிரைமர், அது காய்ந்தபின் 600 எண் தாளால் இலேசான தேய்ப்பு, அதன்மேல் கறுப்பு மூன்று மெல்லிய பூச்சு என்று போகலாம். டப்பாவை 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பாகத்துக்கு வெளியே அழுத்தத் தொடங்கி வெளியே முடித்து, ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே டப்பாவில் சொன்ன நேரம் காத்திருக்கவும். முதல் பூச்சிலேயே முழுக்கறுப்பைக் காண ஆசைப்பட்டால் அது வழிந்து கண்ணீர்க்கோடு விழும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்தால் பூச்சு வெளிறிப்போகும். கடினமாக்கி கலந்த இருகூறு மேற்பூச்சு பெட்ரோலையும் கல்லடியையும் நன்கு தாங்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பாதிக்கும், தூசிக்கான முகக்கவசம் அதைத் தடுக்காது. உரிய சுவாசக் கருவி இல்லாதவர்கள் அதை அடிப்பவரிடம் கொடுத்துவிடலாம்.

எஞ்சின் மூடிகளுக்கு எஞ்சின் எனாமல் போதும். குழாயின் வெப்பக் கேடயத்துக்கும் சைலன்சருக்கும் சிலிக்கோன் பிசின் அடிப்படையிலான வெப்பம் தாங்கும் பெயிண்ட் வேண்டும். இதைப் பிரைமர் இல்லாமல், அல்லது அதற்கென்றே உள்ள பிரைமர் மேல், மிக மெல்லியதாக அடிக்க வேண்டும், தடித்தால் கொப்புளிக்கும். காற்றில் காய்ந்ததும் வேலை முடிந்ததென்று எண்ணக் கூடாது. படிப்படியாகச் சூடேற்றி ஆறவிட்டு மீண்டும் இன்னும் அதிகச் சூடேற்றினால்தான் அது இறுகும். வண்டியிலேயே செய்வதானால் முதலில் பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு, முழுதும் ஆறவிட்டு, அடுத்து இருபது நிமிடம் ஓடவிட்டு, மறுபடி ஆறவிட்டு, அதன்பின் சாலையில் ஓட்டவும். வழவழப்பான குரோம் சைலன்சரில் இந்தப் பெயிண்ட் மணல்வீச்சு செய்தால் நிற்கும். கைத்தேய்ப்பில் சில மாதங்களுக்கு மேல் நான் பார்த்ததில்லை. சைலன்சர் நெடுநாள் கறுப்பாக இருக்க வேண்டுமென்றால் செராமிக் பூச்சுக்குக் கொடுப்பதே செலவுக்கு ஏற்ற பலன் தரும். சாதாரணப் பவுடர் கோட்டிங் புகைக்குழாய்ச் சூட்டைத் தாங்காது.

பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம் என்று விற்கப்படும் ரப்பர் பூச்சும் உண்டு. தேய்ப்பே இல்லாமல், சுத்தமான குரோம் மேல் ஐந்தாறு பூச்சாகத் தடிக்க அடிக்க வேண்டும். மெல்லியதாக அடித்தால் உரிக்கும்போது துண்டு துண்டாகக் கிழியும். கறுப்பு தமக்குப் பிடிக்குமா என்று ஐயுறுபவர்களுக்கு இது நல்ல ஒத்திகை. பெட்ரோல் டேங்க் மூடியின் அருகிலும் சூடான பாகங்களிலும் மட்டும் ஒதுக்கிவிட வேண்டும்.

தொடக் கூடாதவை

முன்ஃபோர்க்கின் உள்குழாயில் இருப்பது அலங்காரக் குரோம் அல்ல. ஆயில் சீல் வழுக்கிச் செல்வதற்கான கடினக் குரோம். அதைத் தேய்த்தாலோ பெயிண்ட் அடித்தாலோ சீல் கிழிந்து ஆயில் பிரேக் மீது வழியும். பிரேக் டிஸ்க், அச்சுத்தண்டு, சங்கிலி, போல்ட்டின் மரை, இரு பாகங்கள் முகத்தோடு முகம் சேரும் இடம் ஆகியவற்றில் பூச்சுத் துளிகூடப் படக் கூடாது. ஹேண்டில்பாரை முழுதும் கறுப்பாக்கினாலும், கிளாம்ப் பிடிக்கும் சொரசொரப்பான நடுப்பகுதியை நாடா ஒட்டி மறைத்துவிட வேண்டும். கிளாம்புக்கு அடியில் பெயிண்ட் நசுங்கி நகர்ந்தால் பிடி தளரும், பிரேக் பிடிக்கும் வேகத்தில் ஹேண்டில்பார் முன்னோக்கிச் சுழலும். பின்விளக்கு, இண்டிகேட்டர் கண்ணாடிகளைக் கறுப்பாக்குவது பின்னால் வருபவரின் கண்ணைக் கட்டுவதற்குச் சமம். போல்ட் தலைகள் சாவி பட்டதும் உரியும் என்பதால் அவற்றுக்குப் பெயிண்ட் வேண்டாம். கறுப்பாகவே வரும் போல்ட்களை, அதே வலிமைத் தரத்தில் பார்த்து வாங்கி மாற்றிவிடலாம்.

பூச்சு தொட்டால் ஒட்டாத நிலைக்கு ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். கிளாம்பும் வாஷரும் அழுத்தினால் பதியாத நிலைக்கு வர ஒரு வாரமாவது ஆகும். அதற்குள் பொருத்தினால் ஒவ்வொரு வாஷரும் தன் வட்டத்தைப் பூச்சில் பதித்துவிடும். மங்கல் கறுப்பு அடித்த பாகங்களை மெழுகுப் பாலிஷால் துடைக்கக் கூடாது. துடைத்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக மினுங்கும். சோப்பு நீரும் மென்துணியும் போதும். கல்லடி பட்டு உலோகம் தெரிந்தால், அதே டப்பாவிலிருந்து ஒரு மூடியில் சிறிது பெயிண்டைத் தெளித்து எடுத்து, மெல்லிய தூரிகையால் அந்தப் புள்ளியை மட்டும் தொட்டு வைக்கலாம். இதற்காகவே ஒரே தயாரிப்பில் இரண்டு டப்பா வாங்கி, ஒன்றைத் திறக்காமல் வைத்திருக்கிறேன். கறுப்பிலும் டப்பாவுக்கு டப்பா நிறம் மாறும்.